கடைசி ஐந்து கிலோமீட்டர்

காஜாங்கிலிருந்து புத்ராஜெயாவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் போனால் இருபத்தைந்து நிமிடம் போதும். அதே இடத்துக்கு ரயிலில் போகப் பார்த்தால், முதலில் வடக்கே கோலாலம்பூர் வாசல்வரை போய், அங்கே வண்டி மாறி, மறுபடியும் தெற்கே இறங்கி வரவேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதற்குத் தண்டவாளமே போட்டு வைத்திருக்கிறோம்.

இந்த மூக்குக் கணக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது மனைவிக்கு மாற்றல் கடிதம் வந்த பிறகுதான். அதுவரை காஜாங்கிலேயே ஓர் அரசாங்க அலுவலகத்தில் இருந்தாள். வீட்டிலிருந்து பத்து நிமிடம். இப்போது புத்ராஜெயாவில் ஓர் அமைச்சு. வீட்டில் இருப்பது ஒரே கார். அதை ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் என் வேலையிடத்துக்கு நான்தான் ஓட்டிப் போகிறேன். மகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. பள்ளி முடிந்து பராமரிப்பு வீட்டில் இருப்பாள். மாலை ஆறரைக்குள் போய் அழைத்துக்கொள்ள வேண்டும்.

"இன்னொரு காடி எடுத்துடுங்க, வேற வழியில்ல" என்றார்கள் பார்த்தவர்கள் எல்லாரும். தவணை, பெட்ரோல், டோல், காப்புறுதி எல்லாம் கூட்டிப் பார்த்தேன். மாதம் ஆயிரம் வெள்ளிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மகளுக்காகச் சேமிக்கும் தொகையைவிட அது அதிகம். காரை வாங்குவதற்கு முன்னால் ஊரை ஒருமுறை சரியாகப் பார்த்துவிடலாம் என்று நான்கு நாள் விடுப்பு எடுத்தேன். தினம் ஒரு வழியாக மனைவியோடு அவள் அலுவலகம்வரை போய் வருவதுதான் திட்டம்.

தோட்டத்தின் மேல் எழுந்த நகரம்

புத்ராஜெயாவுக்குச் சுற்றுலாவாகப் போகாத மலேசியத் தமிழ்க் குடும்பம் குறைவு. இளஞ்சிவப்புப் பள்ளிவாசல், பச்சைக் குவிமாடத்தோடு பிரதமர் அலுவலகம், பாலங்கள், ஏரி, படகு. ஏரியே மனிதர்கள் உண்டாக்கியது. சுவாவ், பீசா என்ற இரண்டு ஆறுகளை மறித்து 650 ஹெக்டரில் நீர் தேக்கினார்கள். பிரதமர் அலுவலகம் 1999இல் கோலாலம்பூரிலிருந்து இங்கே வந்தது. 2001 பிப்ரவரி 1ஆம் தேதி புத்ராஜெயா நாட்டின் மூன்றாவது கூட்டரசுப் பிரதேசமானது.

அதற்கு முன்னால் இந்த மண்ணில் நின்றவை ரப்பர் மரங்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் படையினர் சிலர் 1921இல் இங்கே தோட்டம் போட்டார்கள். அவர்கள் பார்த்த போரின் பெயரையே வைத்தார்கள்: பிராங் பெசார், அதாவது பெரும்போர். பி.பி. 260 என்று இன்றும் ரப்பர் பயிரிடுவோர் சொல்லும் ரகத்தின் முதல் இரண்டு எழுத்துகள் இந்தத் தோட்டத்தின் பெயர்தான். அந்த மரங்களைச் சீவியவர்களில் நம்மவர்கள் ஏராளம்.

தோட்டத்தில் வேலைக்குப் போகும் தூரம் என்று ஒன்று தனியாக இருந்ததில்லை. விடியுமுன் லயத்தை விட்டு இறங்கினால் பெரட்டுக் களம். பெயர் கூப்பிட்டதும் நிரைக்கு நடை. அந்த வாழ்க்கையில் கொடுமைகள் எத்தனையோ இருந்தன. ஆனால் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் காணாமல் போகவில்லை.

நகரம் வந்தபோது இது தலைகீழானது. வேலையிடங்கள் முதலில் எழுந்தன. ஆட்கள் பின்னால் வரவேண்டியவர்களானார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியிருப்பார்கள் என்று திட்டமிட்ட ஊரில், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இருந்தவர்கள் 1 லட்சத்து 9 ஆயிரம் பேர்தான். காஜாங், பாங்கி, நீலாய், சிரம்பான், பூச்சோங் என்று சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்துகொண்டு தினமும் இங்கே வந்துபோகும் அரசாங்க ஊழியர்கள் நிறைய இருக்கிறார்கள். வீட்டுக்கடன், பிள்ளையின் பள்ளி, வயதான பெற்றோர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். எங்களுக்கு அந்தத் தமிழ்ப்பள்ளி.

முதல் நாள்: கார்

திங்கள் காலை ஆறு ஐம்பதுக்குக் கிளம்பினோம். எஸ்கேவிஇ நெடுஞ்சாலையில் ஏறியதும் சிவப்பு விளக்குகளின் வரிசை தொடங்கிவிட்டது. ஞாயிறு இருபத்தைந்து நிமிடம் ஆன தூரத்துக்கு அன்று ஐம்பத்தைந்து நிமிடம். மனைவியை வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்த இடம் தேடினேன். சாலையோரம் எல்லாம் நிரம்பியிருந்தது. இருபது நிமிடம் சுற்றியபின் கிடைத்த இடத்திலிருந்து திரும்பி நடந்தால் பதினைந்து நிமிடம்.

நடந்தபோதுதான் இந்த ஊரின் அளவு காலுக்குத் தெரிந்தது. நடு அச்சாக ஓடும் பெர்டானா சாலையின் நீளம் 4.2 கிலோமீட்டர். இருபுறமும் அமைச்சுகள், ஒவ்வொன்றும் ஓர் அரண்மனை போல. ஓர் அரண்மனை வாசலுக்கும் அடுத்த அரண்மனை வாசலுக்கும் நடுவே நல்ல தொலைவு. எட்டரை மணி வெயிலே முதுகில் ஏறிக்கொண்டது. கார் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது அகலமும் அழகுமாக இருந்த சாலை, நடப்பவனுக்கு நீளமாக மட்டுமே இருந்தது.

இரண்டாம் நாள்: இரண்டு ரயில்

செவ்வாய்க்கிழமை காஜாங் நிலையத்தில் கொமுட்டர் ஏறினோம். செர்டாங், அடுத்து பண்டார் தாசேக் செலாத்தான். சுமார் இருபது நிமிடம். அங்கே இறங்கி, மேம்பாலத்தில் நடந்து, கேஎல்ஐஏ டிரான்சிட்டுக்கு மாறினோம். 2002 முதல் ஓடும் வண்டி. குளிர்ச்சி, சுத்தம், வேகம். பத்து நிமிடத்தில் புத்ராஜெயா சென்ட்ரல்.

ரயிலில் பக்கத்து இருக்கையில் இருந்த ஓர் அக்கா மனைவியின் கழுத்து அட்டையைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். சிரம்பானிலிருந்து வருகிறவர். அரசாங்க வேலையில் இருபது வருடத்துக்கு மேல். தினமும் நாலரைக்கு எழுகிறார்.

"பழகிடும் தங்கச்சி. ரயில் ஒரு பிரச்சினையே இல்ல. ரயில்ல தூங்கிக்கலாம். பஸ் ஸ்டாப்புல தூங்க முடியுமா சொல்லு?"

நிலையத்துக்கு வெளியே வந்ததும் அவர் சொன்னது புரிந்தது. புத்ராஜெயா சென்ட்ரல் இருப்பது 7ஆம் பிரிசின்டில். அமைச்சுகள் அதிகமாக இருப்பது ஏரியைத் தாண்டி 1 முதல் 4 வரையிலான பிரிசின்டுகளில். நடுவில் நான்கைந்து கிலோமீட்டர். நடக்க முடியாத தூரம். டாக்சி எடுக்க மனம் வராத தூரம். இணைப்புப் பேருந்துக்காக இருபத்திரண்டு நிமிடம் நின்றோம். அது சுற்றிச் சுற்றிப் போய் மனைவியை இறக்கிவிட மேலும் இருபத்தைந்து நிமிடம். ரயில் ஓட்டம் இரண்டையும் சேர்த்தால் முப்பது நிமிடம். கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு மட்டும் நாற்பத்தேழு.

செலவும் பார்க்க வேண்டும். மாதம் 50 வெள்ளிக்கு வரம்பில்லாமல் பயணம் செய்யும் மை50 அட்டை எம்ஆர்டி, எல்ஆர்டி, மோனோரயில், ரேப்பிட் கேஎல் பேருந்துகளுக்குச் செல்லும். கொமுட்டருக்கும் கேஎல்ஐஏ டிரான்சிட்டுக்கும் செல்லாது. இந்த வழியில் போகிறவர் இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும்.

மூன்றாம் நாள்: ஒரு பெரிய வளைவு

50 வெள்ளி அட்டையிலேயே போக முடியுமா என்று புதன்கிழமை பார்த்தோம். முடியும். காஜாங்கில் எம்ஆர்டி ஏறி துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் வரை போய், அங்கே புத்ராஜெயா வழித்தடத்துக்கு மாற வேண்டும்.

57.7 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த வழித்தடம் 2023 மார்ச் 16ஆம் தேதி முழுமையாகத் திறக்கப்பட்டது. குவாசா டமன்சாராவிலிருந்து புத்ராஜெயா சென்ட்ரல்வரை. சுங்கை பூலோவிலோ தித்திவங்சாவிலோ செர்டாங்கிலோ இருந்து புத்ராஜெயா போகும் ஊழியருக்கு இது பெரிய வரம். அதற்குமுன் இரண்டு மூன்று வண்டி மாறியவர்கள் இப்போது ஓர் இருக்கையில் உட்கார்ந்து போகிறார்கள்.

எங்களுக்கோ ரயிலிலேயே ஒன்றரை மணி நேரம் போயிற்று. வண்டியில் குறையில்லை. கைப்பேசியில் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். நம் தண்டவாளங்கள் எல்லாம் சக்கரத்தின் கம்பிகள் போலக் கோலாலம்பூரை நோக்கியே போகின்றன. தலைநகரில் வேலை செய்கிறவருக்கு அது சரி. ஆனால் நிர்வாகம் தெற்கே இடம் மாறிக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. காஜாங்கையும் புத்ராஜெயாவையும் குறுக்கே இணைக்கும் ரயில் இன்னும் இல்லை. கிழக்கிலிருந்து மேற்கே போக நெடுஞ்சாலை இருக்கிறது. அதனால்தான் அந்த நெடுஞ்சாலையில் அத்தனை சிவப்பு விளக்கு.

நான்காம் நாள்: பாதி கார், பாதி ரயில்

வியாழக்கிழமை யோசனை மனைவியுடையது. "நீங்க எப்படியும் ஸ்ரீ கெம்பாங்கான் வரைக்கும் போறீங்க. என்னை யூபிஎம் ஸ்டேஷன்ல இறக்கி விட்டுடுங்களேன்."

மகளைக் காலை ஆறு மணிக்கே பராமரிப்பு வீட்டில் விட்டோம். பள்ளி வேன் அங்கிருந்து ஏற்றிக்கொள்ளும். ஆறு முப்பத்தைந்துக்கு யூபிஎம் எம்ஆர்டி நிலையம். தாமான் எக்குவைன், புத்ரா பெர்மாய், 16 சியேரா, சைபர்ஜெயா என்று ஆறாவது நிறுத்தத்தில் புத்ராஜெயா சென்ட்ரல். ஏழு மணி ஆகவில்லை. அன்று இணைப்புப் பேருந்தும் வாசலில் காத்திருந்தது. ஏழு இருபத்தைந்துக்கு அவள் தன் மேசையில். காரில் போனதைவிடச் சீக்கிரம், 50 வெள்ளி அட்டைக்குள், இரண்டாவது கார் இல்லாமல்.

இதற்கு உதவியது அரசாங்கத்தின் நெகிழ்வு வேலை நேரம். காலை 7.30 முதல் 9 மணிக்குள் வந்து, அதற்கேற்ப மாலை 4.30 முதல் 6 மணிக்குள் கிளம்பலாம். பலர் இதை ஒரு சலுகையாக மட்டும் நினைக்கிறார்கள். எனக்கு இது ஒரு போக்குவரத்துத் திட்டமாகவே தெரிகிறது. எல்லாரும் எட்டு மணிக்கே நுழைய வேண்டும் என்றால் எவ்வளவு அகலமான சாலையும் போதாது. அதே கூட்டம் ஒன்றரை மணி நேரத்தில் பரவி வந்தால் ஒரு செங்கல் வைக்காமலே சாலை அகலமாகிவிடும்.

ஏரியின் மேல் ஒரு பாலம்

அன்று முழுக்க நேரம் இருந்தது. ஏரிக்கரையில் நடந்தபோது, கம்பிகளில் தொங்கும் ஒரு பாலத்தைப் பார்த்தேன். அழகான பாலம். அதன்மேல் எதுவும் போவதில்லை. மோனோரயிலுக்காகக் கட்டியது. புத்ராஜெயாவின் மூலத் திட்டத்தில் நூறு பயணங்களில் எழுபது பொதுப் போக்குவரத்தில் நடக்க வேண்டும் என்று எண்ணியிருந்தார்கள். நிலையத்தில் இறங்குகிறவரை அமைச்சு வாசலில் சேர்க்க வேண்டிய வேலை மோனோரயிலுக்கு. கட்டுமானம் 2004இல் நிறுத்தப்பட்டது. பாலம் மட்டும் நிற்கிறது.

அதாவது, கடைசி ஐந்து கிலோமீட்டர் யாரும் யோசிக்காமல் விட்ட விஷயம் இல்லை. முதலிலேயே யோசித்தார்கள், பாலம்வரை கட்டினார்கள். அந்த வேலையை இன்று சில பேருந்துகளும் நிறைய கார்களும் பகிர்ந்துகொள்கின்றன.

அங்கிருந்து டெங்கில் பக்கம் போனேன். தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகள் அங்கேதான். பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்களின் குடும்பங்களை 1990களின் பிற்பகுதியில் கொண்டுவந்து குடிவைத்த இடம். சொந்தமாக வரிசை வீடு கேட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடியவர்கள். கீழே கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேசினேன்.

"பெரட்டுக்கு நடந்துதான் போவோம் தம்பி. வேலை முடிஞ்சா நடந்து வீட்டுக்கு. இங்க வந்த பிறகுதான் பிள்ளைங்க வேலைக்குப் போறதுக்கு மோட்டார் வேணும்னு ஆச்சு" என்றார். பேத்தி புத்ராஜெயாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இருக்கிறாராம். தாத்தா மரம் சீவிய மண்ணில் பேத்திக்கு மேசை. போய்வர ஒரு மோட்டார் சைக்கிள். மழை நாளில் அவருக்கு அதே கவலை: "பிள்ளை வந்து சேர்ற வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பேன்."

என்ன செய்யலாம்

நான் போக்குவரத்து நிபுணன் அல்லன். நான்கு நாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பயணம் செய்தவன். அதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், ரயில் வரும் நேரமும் பேருந்து கிளம்பும் நேரமும் ஒன்றோடொன்று பேச வேண்டும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் எங்களுக்கு இருந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி ஒரு பேருந்து வாசலில் நின்றதும் நிற்காததும்தான். காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை, மாலை நான்கரையிலிருந்து ஆறரைவரை, ரயில் கூட்டம் வெளியே வந்தபின் பேருந்து கிளம்பினால் போதும். புதிய தண்டவாளம் எதுவும் வேண்டாம். எல்லா பிரிசின்டையும் சுற்றாமல், நிலையத்திலிருந்து அமைச்சுகளுக்கு நேராகப் போகும் சில பேருந்துகள் அந்த நேரத்துக்கு மட்டுமாவது வேண்டும்.

இரண்டாவது, நிழல். பேருந்து நிறுத்தத்திலிருந்து அலுவலக வாசல்வரை கூரையிட்ட நடைபாதை. நம் வெயிலிலும் மழையிலும் ஐந்நூறு மீட்டர் நடக்கச் சொன்னால், கைநிறைய கோப்புகளோடு இருப்பவர் காரைத்தான் எடுப்பார். அதில் அவரைக் குறைசொல்ல முடியாது.

மூன்றாவது, குறுக்கு வழி. காஜாங், பாங்கி, நீலாய் போன்ற ஊர்களிலிருந்து கோலாலம்பூரைத் தொடாமல் புத்ராஜெயாவுக்கு அதிகாலையில் நேரே ஓடும் விரைவுப் பேருந்துகள் கூடுதலாக வேண்டும். ஒரே பேருந்து நாற்பது கார்களைச் சாலையிலிருந்து எடுத்துவிடும். கைப்பேசியில் அழைத்தால் வரும் சிறு வேன்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் சில பகுதிகளில் ஏற்கெனவே ஓடுகின்றன. அமைச்சு வட்டாரத்துக்கும் அது பொருத்தமான ஏற்பாடு.

நான்காவது, நம் கையிலேயே இருப்பது: கொங்சி. மனைவியின் அலுவலகத்தில் பாங்கியிலிருந்து மூன்று பேர் ஒரே காரில் வருகிறார்கள். வாரத்துக்கு ஒருவர் ஓட்டுகிறார். பெட்ரோலும் டோலும் மூன்று பங்கு. அலுவலகமே ஒரு பட்டியல் வைத்து, ஒரே தாமானிலிருந்து வருகிறவர்களை அறிமுகம் செய்து, மூவர் வரும் காருக்கு வாசலருகே நிறுத்துமிடம் கொடுத்தால், இப்படிச் சேர்ந்து வருகிறவர்கள் பெருகுவார்கள்.

இப்போது எங்கள் கணக்கு

அந்த வாரத்திலிருந்து மனைவி யூபிஎம் வழியாகவே போய்வருகிறாள். நாலரைக்குக் கிளம்பி, நாலே முக்காலுக்குப் பேருந்து, ஐந்தேகாலுக்கு ரயில். ஐந்தே முக்காலுக்கு நான் நிலையத்தில் ஏற்றிக்கொள்கிறேன். ஆறு இருபதுக்கு மகளின் பராமரிப்பு வீடு. பத்து நிமிடம் கையில் மீதி.

அந்தப் பத்து நிமிடம்தான் எங்கள் ஏற்பாட்டின் முழுப் பலம். நாலே முக்கால் பேருந்து வராத நாளில் அது உடைந்துபோகிறது. மாதத்தில் மூன்று நான்கு நாள், பெரும்பாலும் மழை நாளில், அவள் நிலையத்துக்கு வாடகைக் கார் அழைக்கிறாள். இரண்டாவது காரின் தவணையோடு ஒப்பிட்டால் அது சில்லறைச் செலவு. ஆனால் அந்த மூன்று நான்கு நாள் எட்டு ஒன்பதாக ஆனால், நாங்களும் கார் கடையின் படியேறுவோம். எஸ்கேவிஇயில் இன்னொரு சிவப்பு விளக்கு கூடும்.

ஒரு குடும்பம் இரண்டாவது காரை வாங்குவதா வேண்டாமா என்பதைச் சில வேளைகளில் ஒரு பேருந்தின் நேர ஒழுங்குதான் முடிவு செய்கிறது. உங்கள் வீட்டிலும் புத்ராஜெயாவுக்கு மாற்றலாகிப் போகிறவர் இருந்தால், கார் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வாரம் ரயிலில் போய்ப் பாருங்கள். கையில் கடிகாரம் இருக்கட்டும். நிலையத்தில் இறங்கியபின் ஆகும் நேரத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். உங்கள் பகுதிப் பிரதிநிதியிடமோ துறைத் தலைவரிடமோ பேசப் போகும்போது, 'போக்குவரத்து சரியில்லை' என்று சொல்வதைவிட அந்த எண்கள் உரக்கப் பேசும்.